விழி இழந்தவர் கண்ட தேன்கூடு

(பிரான்சுவா ஹூபரின் வாழ்க்கை)

பிறப்பும் இளமையும்

ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு அருகில், அகன்ற ஏரி ஒன்றின் கரையில் அமைந்த நகரம் ஜெனீவா. இன்று அது சுவிட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது தன்னைத் தானே ஆண்டுகொண்ட சிறிய குடியரசாக இருந்தது. அந்நகரில் 1750ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2ஆம் நாள் பிரான்சுவா ஹூபர் பிறந்தார். தேனீக்களைப் பற்றி அதுவரை உலகம் நம்பியிருந்த பல கருத்துகளைத் திருத்திய பெருமை அவருக்கு உண்டு. அந்தப் பணியில் அவர் ஈடுபட்டபோது அவருடைய கண்கள் ஒளி இழந்திருந்தன.

தந்தை ழான் ஹூபர் ஓவியர். தாளைக் கத்தரித்து உருவங்கள் அமைப்பதில் பெயர் பெற்றவர். வேட்டையாடும் பறவைகள் வானில் பறக்கும் முறையை ஆராய்ந்து நூல் எழுதியவரும் ஆவார். எதையும் உற்று நோக்கும் பழக்கம் மகனுக்குத் தந்தையிடமிருந்தே வந்தது. பகலில் பாடங்களில் மூழ்கிய சிறுவன், இரவில் மங்கிய விளக்கொளியிலும் நிலவொளியிலும் கதைகளைப் படித்தான் என்பர்.

ஏறத்தாழ 15ஆம் வயதில் ஹூபரின் பார்வை குறையத் தொடங்கியது. மருத்துவத்திற்காக அவர் பாரிஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த கண் மருத்துவர், நோய் தீராது என்று கூறிவிட்டார். பாரிஸை அடுத்த சிற்றூர் ஒன்றில் சில காலம் தங்கிய ஹூபர், உழவர்களோடு சேர்ந்து வயல் வேலை பழகினார். உடல் நலம் தேறியது. பார்வை மட்டும் திரும்பவில்லை. உலகம் மெல்ல மெல்ல இருளப் போகிறது என்பதை அறிந்தே அவர் ஜெனீவாவுக்குத் திரும்பினார்.

காத்திருந்த மங்கை

ஜெனீவாக் குடியரசின் உயர் ஆட்சியாளர்களுள் ஒருவருடைய மகள் மரி எமே லுலேன். நடனப் பயிற்சியின்போது அவரும் ஹூபரும் அறிமுகமாயினர். நட்பு அன்பாக மலர்ந்தது. பார்வை இழந்துவரும் இளைஞருக்குத் தம் மகளைக் கொடுக்க லுலேனின் தந்தை இசையவில்லை. மகள் தந்தையை எதிர்த்துப் பூசலிடவில்லை; வேறு எவரையும் மணக்கவும் இல்லை. சட்டப்படி தாமே முடிவெடுக்கும் வயதான 25 நிறையும்வரை பொறுமையோடு காத்திருந்தார். அதன்பின் 1776ஆம் ஆண்டு இருவரும் மணம் செய்துகொண்டனர். அவர்களுடைய இல்லறம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் இனிது நடந்தது.

கணவருக்காக நூல்களைப் படித்தவர் அவரே. கடிதங்களை எழுதியவரும் அவரே. தேனீக்களைக் கண்டு அவற்றின் செயல்களை விரித்துரைத்தவர்களுள் அவரும் ஒருவர். மனைவி உடனிருந்த காலம்வரை கண்ணில்லாத குறையை ஹூபர் பெரிதாக உணரவில்லை.

கண்ணாக வந்த பணியாளர்

ஹூபரின் இல்லத்தில் பிரான்சுவா பர்னென் என்னும் இளைஞர் பணியாளராக இருந்தார். அவர் உழவர் குடியில் பிறந்தவர், உயர்கல்வி பெறாதவர். ஹூபருக்கு நூல்களை உரக்கப் படித்துக் காட்டுவது அவருடைய பணிகளுள் ஒன்று. பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் பூச்சிகளைப் பற்றி எழுதிய நூல்கள் அவ்வாறு படிக்கப்பட்டன. தேனீக்களைப் பற்றிய பகுதிகளைப் படிக்கும்போது பர்னென் பொருளை உணர்ந்து படித்தார். தாமாகவே கருத்துகளைச் சொன்னார். ஹூபர் அதைக் கவனித்துக்கொண்டார்.

ஆயினும் அவர் உடனே நம்பிவிடவில்லை. ரெயோமூர் முன்பே செய்து முடித்த எளிய சோதனைகளைப் பர்னெனைக் கொண்டு மீண்டும் செய்வித்தார். பர்னென் கண்டு சொன்னவை நூலில் உள்ளவற்றோடு பொருந்தின. அதன்பின்னரே, எவரும் செய்திராத சோதனைகளை இருவரும் தொடங்கினர். எதைச் செய்ய வேண்டும் என்பதை ஹூபர் எண்ணித் திட்டமிட்டார். பர்னென் செய்து, கண்டு, கூறினார். ஹூபர் குறுக்குக் கேள்விகள் கேட்டார். விடையில் ஐயம் எழுந்தால் சோதனை மறுபடியும் நிகழ்ந்தது.

பர்னெனின் பொறுமைக்கு ஒரு நிகழ்ச்சி சான்று. இராணித் தேனீ இல்லாத கூட்டிலும் சிலவேளை முட்டைகள் காணப்படுகின்றன. சிறிய உருவமுள்ள இராணி ஏதேனும் கூட்டத்தில் மறைந்திருக்கிறதா, அல்லது வேலைக்காரத் தேனீயே முட்டையிடுகிறதா என்னும் வினா எழுந்தது. இதை அறிய ஒரே வழிதான் இருந்தது. கூட்டிலுள்ள எல்லாத் தேனீக்களையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கூடுகளின் தேனீக்கள் அனைத்தையும் பர்னென் அவ்வாறு பார்த்து முடித்தார். அதற்கு 11 நாள்கள் ஆயின. கொடுக்குகளுக்கு அவர் அஞ்சவில்லை. கண்கள் களைத்தபோது மட்டுமே சற்று ஓய்ந்தார். சிறிய இராணி எதுவும் அகப்படவில்லை. வேலைக்காரத் தேனீக்களுள் சில முட்டையிடக்கூடும் என்பதும், அம்முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே தோன்றும் என்பதும் உறுதியாயின.

ஏடுபோல் திறந்த கூடு

அக்காலத்தில் தேன்கூட்டின் உட்புறத்தைக் காண்பது அரிது. கூடையிலோ மரப் பொந்திலோ தேனீக்கள் பல அடைகளை நெருக்கமாகக் கட்டிவிடும். கண்ணாடிச் சுவர் வைத்தாலும் வெளிப்புற அடைகள் மட்டுமே தெரியும். நடுவில் நிகழ்பவை மறைந்தே இருக்கும்.

ஹூபர் புதிய பெட்டி ஒன்றை அமைக்கச் செய்தார். ஒரே அளவுள்ள மரச்சட்டங்கள் பல கீல்களால் இணைக்கப்பட்டன. ஒவ்வொரு சட்டத்திலும் ஓர் அடையை மட்டுமே தேனீக்கள் கட்டும். சட்டங்களை மூடினால் அது தேன்கூடு. விரித்தால் ஏடுகள் விரிந்த புத்தகம். எந்த அடையை வேண்டுமானாலும் இருபுறமும் காணலாம். மெல்லத் திறந்தால் தேனீக்களும் சீற்றம் கொள்வதில்லை. இதனால் இப்பெட்டிக்கு ஏட்டுக் கூடு என்ற பெயர் அமைந்தது. கூட்டின் ஓராண்டு வாழ்வைத் தொடக்கம் முதல் இறுதிவரை பின்தொடர அது வழி திறந்தது.

இளவேனில்: இராணியின் பயணம்

ஐரோப்பாவில் பனி உருகி மலர்கள் விரியும் காலம் இளவேனில். அப்போது இராணித் தேனீ நாளொன்றுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடும். அந்த முட்டைகள் கருவுறுவது எவ்வாறு என்பது நெடுங்காலம் விளங்காத புதிராக இருந்தது. ஆண் தேனீக்களின் மணமே போதும் என்று சிலர் நம்பினர். இராணி கூட்டுக்குள்ளேயே இணைசேர்கிறது என்று வேறு சிலர் எண்ணினர்.

1788ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹூபரும் பர்னெனும் கூட்டின் வாயிலருகே காத்திருந்தனர். இளம் இராணி வெளியே வந்து, வட்டமிட்டு, உயரப் பறந்து மறைந்தது. பின்னர்த் திரும்பி வந்தது. அதன் உடலில் இணைசேர்ந்ததற்கான அடையாளம் இருந்தது. சில நாள்களுக்குள் அது முட்டையிடத் தொடங்கியது. இராணி வானில்தான் இணைசேர்கிறது என்பது இவ்வாறு வெளிப்பட்டது. வெளியே செல்லவிடாமல் அடைத்துவைக்கப்பட்ட இராணிகள் வேலைக்காரத் தேனீக்களை ஈனவில்லை.

கோடை: மெழுகும் காற்றும்

கோடை, கூட்டின் உழைப்புக் காலம். அடை கட்டும் மெழுகை மகரந்தத்திலிருந்து தேனீக்கள் செய்கின்றன என்று அந்நாளில் பலரும் நினைத்தனர். ஹூபர் தேனீக்களை அடைத்துவைத்து, அவற்றுக்குத் தேனும் நீரும் மட்டும் கொடுத்தார். அவை மெழுகு சுரந்து அடை கட்டின. அடையை அகற்றிவிட்டு மீண்டும் தேன் மட்டும் கொடுத்தார், மீண்டும் கட்டின. மகரந்தமும் பழமும் மட்டும் பெற்ற தேனீக்களோ மெழுகு எதுவும் சுரக்கவில்லை. மெழுகின் மூலப்பொருள் தேனே என்பதும், மகரந்தம் புழுக்களை வளர்க்கும் உணவு என்பதும் இதனால் தெளிவாயின.

மற்றொரு வினாவும் அவர் உள்ளத்தில் எழுந்தது. பல்லாயிரம் உயிர்கள் நெருங்கி வாழும் கூட்டுக்கு இருப்பது ஒரு சிறு வாயில். அத்தனை தேனீக்களும் மூச்சுத் திணறாமல் இருப்பது எங்ஙனம்? வாயிலிலும் உள்ளேயும் சில தேனீக்கள் வரிசையாக நின்று இடைவிடாமல் சிறகடிப்பது காணப்பட்டது. வாயிலருகே நூலில் தொங்கவிடப்பட்ட தாள் துண்டுகளும் இறகுகளும் அசைந்தன. தேனீக்கள் விசிறிபோல் சிறகசைத்து, கெட்ட காற்றை வெளியேற்றி நல்ல காற்றை உள்ளே கொணர்கின்றன என்பதை ஹூபர் இவ்வாறு மெய்ப்பித்தார். இந்த ஆய்வில் ஜான் செனபியே என்னும் ஜெனீவா அறிஞர் அவருக்குத் துணைநின்றார்.

கோடையின் இறுதி: சிக்கனமும் காவலும்

ஜூலை வந்தால் பூக்கள் குறையத் தொடங்கும். அப்போது கூட்டில் கடுமையான மாற்றம் ஒன்று நிகழும். அதுவரை உணவளித்துக் காத்த ஆண் தேனீக்களை வேலைக்காரத் தேனீக்கள் ஒழித்துவிடும். இதைத் தெளிவாகக் காண்பதற்காக ஆறு கூடுகள் ஒரு கண்ணாடி மேசைமீது வைக்கப்பட்டன. பர்னென் அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்த்தார். ஜூலை 4ஆம் நாள் ஆறு கூடுகளிலும் ஒரே வேளையில் ஆண் தேனீக்கள் கொட்டிக் கொல்லப்பட்டன. இராணி இல்லாத கூடுகளில் மட்டும் ஆண் தேனீக்கள் உயிரோடு விடப்பட்டன. புதிய இராணி தோன்றினால் அதற்கு இணை தேவை அன்றோ? வரவிருக்கும் குளிர்காலத்தில் ஒரு துளித் தேனும் வீணாகக் கூடாது என்பதற்கேற்பவே கூட்டின் ஒழுங்கு அமைந்திருந்தது.

1804ஆம் ஆண்டு, முதுகில் மண்டையோடு போன்ற குறியுடைய பெரிய அந்துப்பூச்சிகள் கூடுகளில் புகுந்து தேனைக் கொள்ளையிட்டன. தேனீக்கள் மெழுகும் பிசினும் கலந்து வாயிலில் சுவர் எழுப்பின. தாம் நுழைவதற்கு மட்டும் சிறு துளைகளை விட்டன. அடுத்த ஆண்டின் இளவேனிலில், மலர்கள் பெருகிக் கூட்டமும் பெருகியபோது, அந்தக் குறுகிய வழி போதவில்லை. தாம் கட்டிய சுவரைத் தாமே இடித்துத் தள்ளின. காலத்திற்கேற்பக் கதவை அடைக்கவும் திறக்கவும் அறிந்த உயிர்களைக் கண்டு ஹூபர் வியந்தார்.

குளிர்காலம்: உறங்காத கூடு

பனி பொழியும்போது கூட்டின் வெளியே ஒரு தேனீயும் தென்படாது. அவை உணர்வற்று உறைந்து கிடக்கின்றன என்று பலர் கருதினர். ஹூபர் வெப்பமானியைக் கூட்டினுள் வைத்துப் பார்க்கச் செய்தார். வெளியே வெப்பநிலை உறைநிலைக்கும் பல பாகை கீழே இறங்கியிருந்தது. தேனீக்கள் நிறைந்த கூட்டினுள்ளோ அது ஏறத்தாழ 30 பாகை செல்சியஸாக இருந்தது. குளிர்காலத்தில் தேனீக்கள் உறங்குவதில்லை. ஒன்றோடொன்று நெருங்கித் திரண்டு, இடைவிடாத அசைவால் வெப்பம் உண்டாக்குகின்றன என்று அவர் கண்டார்.

பிற்கால ஆய்வாளர்கள் இதனை மேலும் விளக்கினர். குளிர்காலத் தேனீக்கள் பந்துபோல் திரள்கின்றன. வெளியடுக்கில் உள்ளவை தலையை உள்நோக்கி வைத்து நெருங்கி, போர்வைபோல் அமைகின்றன. உள்ளிருப்பவை சிறகுகளை விரிக்காமலே பறக்கும் தசைகளை நடுங்கவைத்து வெப்பம் தருகின்றன. அந்த வெப்பத்துக்கு எரிபொருள், கோடையில் சேர்த்த தேன். தேன் தீர்ந்தால் வெப்பமும் தீரும், கூடு அழியும். புதிய பூக்கள் மலர்வதற்குச் சற்று முன்னர்த்தான் இந்த இடர் மிகுதி. ஏனெனில் இராணி அப்போது மீண்டும் முட்டையிடத் தொடங்கியிருக்கும். புழுக்களுக்காகக் கூட்டின் நடுப்பகுதியை 34 அல்லது 35 பாகையில் வைத்திருக்க வேண்டும். அதற்குத் தேன் விரைவாகச் செலவாகும்.

இருவகை ஆயுள்

கோடையில் பிறக்கும் வேலைக்காரத் தேனீ ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு வாரங்களே வாழும். முதல் மூன்று வாரங்கள் அறைகளைத் தூய்மை செய்தல், புழுக்களுக்கு உணவூட்டல், அடை கட்டுதல் ஆகிய வீட்டுப் பணிகளில் கழியும். பின்னர் அது பூக்களை நாடிப் பறக்கும். ஓயாத பறத்தலால் சிறகுகள் தேய்ந்து, சில வாரங்களில் இறந்துபடும்.

இலையுதிர்காலத்தில் பிறக்கும் தேனீ நான்கு முதல் ஆறு மாதங்கள்வரை வாழும். அதே இராணியின் மகள்தான் அதுவும். கோடைத் தேனீயோடு ஒரே இனம். ஆயுளில் இத்தனை வேறுபாடு ஏன்? இலையுதிர்காலத்தில் வளர்க்க வேண்டிய புழுக்கள் மிகக் குறைவு. ஆதலால் அத்தேனீ தான் உண்ட மகரந்தத்தின் சத்தைப் புழுக்களுக்கு ஊட்டிச் செலவிடாமல், தன் வயிற்றிலுள்ள கொழுப்புத் திசுவில் சேமித்துக்கொள்கிறது. பறத்தலும் குறைவு. சேமித்த சத்து அதன் ஆயுளை நீட்டுகிறது. நோயைத் தாங்கும் ஆற்றலையும் தருகிறது. இளவேனில் பிறந்ததும் அச்சத்தைக் கொண்டே புதிய புழுக்களுக்கு அது உணவூட்டுகிறது. புதிய தலைமுறை எழுந்ததும் அதன் வாழ்வு முடிகிறது.

கோடைத் தேனீ தான் சேர்த்த தேனை உண்டு குளிர்காலத்தைக் காண்பதில்லை. குளிர்காலத் தேனீ தான் காத்துத் தந்த கூட்டின் கோடைச் செழிப்பைக் காண்பதில்லை. ஆயினும் கூடு ஆண்டுதோறும் நிலைத்து நிற்கிறது.

நூலும் பின்வந்தோரும்

ஜெனீவாவில் சார்ல் பொன்னே என்னும் புகழ்பெற்ற இயற்கை அறிஞர் வாழ்ந்தார். கண்பார்வை கெட்டதால் நுண்ணோக்கி ஆய்வைக் கைவிட்டவர் அவர். ஹூபரின் முயற்சியை அவர் ஊக்குவித்தார். அவருக்கு எழுதிய கடிதங்களின் வடிவில் ஹூபர் தம் முடிவுகளை எழுதுவித்தார். ஜெனீவாவை அடுத்த பிரெஞி என்னும் ஊரிலிருந்து 1789ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் முதற் கடிதம் எழுதப்பட்டது. 1792ஆம் ஆண்டு தேனீக்களைப் பற்றிய புதிய ஆய்வுகள் என்னும் நூலாக அவை வெளிவந்தன. பர்னெனின் பங்கை ஹூபர் மறைக்கவில்லை. கண்டவர் பணியாளர் என்பதை நூலின் முகப்பிலேயே அறிவித்து நன்றி கூறினார்.

சில ஆண்டுகளில் பர்னென் தம் குடும்பத்தாரிடம் திரும்பிச் செல்ல நேர்ந்தது. தம் வட்டாரத்தில் அவர் மதிப்புமிக்க பொதுப் பதவியை அடைந்தார். கண்போன்ற துணை பிரிந்தபோது ஹூபரின் ஆய்வு நின்றுபோயிருக்கக்கூடும். அது நிற்கவில்லை. மனைவியும், 1777ஆம் ஆண்டு பிறந்த மகன் பியேர் ஹூபரும் அப்பணியை ஏற்றனர். கிறிஸ்டின் ஜூரின் என்னும் இளம்பெண் தேனீக்களின் உடலைக் கூறுபடுத்தி ஆராய்ந்து படம் வரைந்தார். வேலைக்காரத் தேனீக்கள் அனைத்தும் முழு வளர்ச்சி பெறாத பெண் தேனீக்களே என்பது அவருடைய ஆய்வால் புலனாயிற்று. 1814ஆம் ஆண்டு ஹூபரின் நூல் இரண்டு தொகுதிகளாக விரிவடைந்து வெளிவந்தது. மகன் பியேர் எறும்புகளை ஆராய்ந்து தாமும் புகழ் பெற்றார்.

முதுமையிலும் ஹூபர் சோர்ந்திருக்கவில்லை. அவர் இசையை விரும்பினார். தோட்டத்துப் பாதைகளில் முடிச்சிட்ட கயிறுகள் கட்டப்பட்டிருந்தன. அம்முடிச்சுகளைத் தடவி இடமறிந்து, எவர் துணையும் இன்றி உலவினார். இறுதிக் காலத்தை லோசான் நகரில் மகளுடன் கழித்தார். 1831ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், 81ஆம் வயதில் அவர் மறைந்தார். தாவரவியல் அறிஞர் தெ காந்தோல், பிரேசில் நாட்டுத் தாவரப் பேரினம் ஒன்றுக்கு ஹூபேரியா என்று பெயரிட்டு அவரைப் போற்றினார். பிற்காலத்தில் அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத், எடுத்துவைக்கத்தக்க சட்டங்களைக் கொண்ட தேன்பெட்டியை உருவாக்கியபோது, ஹூபரின் ஏட்டுக் கூடு அவருக்கு முன்னோடியாக விளங்கியது. இன்று உலகெங்கும் பயன்படுவன அத்தகைய பெட்டிகளே.

இன்றைய இடர்

ஹூபரின் காலத்து ஐரோப்பியத் தேனீக்களுக்கு இல்லாத பகை ஒன்று இன்று உள்ளது. வரோவா என்னும் சிறு உண்ணி, முதலில் ஆசியத் தேனீக்களிடம் மட்டுமே வாழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது ஐரோப்பியத் தேனீக்களுக்கும் தொற்றியது. அது கொழுப்புத் திசுவைத் தின்கிறது. நோய் நுண்மங்களையும் பரப்புகிறது. நீண்ட ஆயுளுக்கு வேண்டிய சேமிப்பே கரைந்துபோவதால், குளிர்காலத் தேனீக்கள் இளவேனிலைக் காணுமுன் இறக்கின்றன. கோடையில் செழிப்பாகத் தோன்றிய கூடு குளிர்காலத்தில் வெறுமையாகிவிடுகிறது. எனவே தேனீ வளர்ப்போர் குளிர்காலம் வரும்வரை காத்திருப்பதில்லை. நெடுநாள் வாழவேண்டிய தேனீக்கள் பிறப்பதற்கு முன்பே, கோடையின் இறுதியில் உண்ணியை ஒழிக்க முயல்கின்றனர்.

எல்லா நாடுகளிலும் துன்பக் காலம் ஒன்றாக இருப்பதில்லை. வட இந்தியச் சமவெளியில் குளிர்காலத்தில்தான் கடுகு வயல்கள் மஞ்சளாகப் பூத்துத் தேனீக்களுக்கு விருந்தளிக்கின்றன. அங்குக் கடுங்கோடையும் மழைக்காலமும் பஞ்சக் காலங்கள். தேனீ வளர்ப்போர் பூக்கும் இடம் நாடிப் பெட்டிகளை ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்கின்றனர். எந்தப் பருவம் தருகிறது, எந்தப் பருவம் வருத்துகிறது என்பதை அந்தந்த இடத்தில் கூடுகளைப் பார்த்தே அறிய வேண்டும்.

பார்த்து அறியும் வழியை உலகுக்குக் காட்டியவர் பார்வை இழந்த ஹூபர். மனைவியின் பொறுமை, பணியாளரின் கூர்மை, மகனின் உழைப்பு, இளம்பெண் ஒருவரின் கைத்திறன் ஆகியவற்றை அவருடைய வினாக்கள் ஒன்று சேர்த்தன. ஒரு தேனீயால் ஓராண்டைக் கடக்க இயலாது, கூட்டினால் இயலும். ஹூபரின் அறிவுப் பணியும் அவ்வாறே நிறைவேறியது.

அருஞ்சொற்பொருள்

குடியரசு – மக்களின் பிரதிநிதிகளால் ஆளப்படும் நாடு
இசைதல் – உடன்படுதல்
அடை – தேனீக்கள் மெழுகால் கட்டும் அறைகளின் தொகுதி
இளவேனில் – குளிர்காலத்துக்குப் பின் மலர்கள் பூக்கும் பருவம்
பாகை – வெப்பநிலையை அளக்கும் அலகு
திசு – உடலின் உயிரணுத் தொகுதி
உண்ணி – பிற உயிர்களின் உடலில் ஒட்டி வாழும் சிற்றுயிர்

விடை எழுதுக

1. ஹூபர் பர்னெனின் திறமையை எவ்வாறு சோதித்து அறிந்தார்?
2. ஏட்டுக் கூட்டின் அமைப்பையும் பயனையும் விளக்குக.
3. மெழுகு தேனிலிருந்தே உண்டாகிறது என்பதை மெய்ப்பித்த சோதனை யாது?
4. கோடைத் தேனீ, குளிர்காலத் தேனீ ஆகியவற்றின் ஆயுள் வேறுபடுவதற்குக் காரணம் கூறுக.
5. வரோவா உண்ணியை ஒழிக்கும் முயற்சி கோடையின் இறுதியிலேயே தொடங்குவது ஏன்?
6. நீ வாழும் ஊரில் எந்த மாதங்களில் பூக்கள் மிகுதி, எந்த மாதங்களில் குறைவு? பெரியோரிடம் கேட்டும் நேரில் பார்த்தும் பத்து வரிகளில் எழுதுக.